படத்தில் மட்டும் இருந்த கதவு

அந்த அக்காவை நினைத்தால் லோரி ஹாரன் சத்தம்தான் முதலில் காதில் விழும். அவர் நடுத்தெருவில் நிற்பார். ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குப் பின்புறம் ஒரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் மோட்டார்சைக்கிள்கள் நிற்கும். மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு லோரி போகலாம், அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழைய புகைப்படத்தின் நகலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருப்பார். ஓரடி பின்னால் போவார். அரையடி இடதுபக்கம் நகர்வார்.

“அக்கா, லோரி வருதுக்கா.”

“நிக்கட்டும். இந்தப் படத்த எடுத்தவனும் இங்கதான் நின்னான்.”

“அப்ப மாட்டுவண்டி. இது லோரி.”

“மாடு மட்டும் முட்டாதா?”

லோரிக்காரன் சீனத்தில் ஒன்று சொல்வான், மலாயில் ஒன்று சொல்வான். நான் ஆரஞ்சு நிறக் கூம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிப்பேன். புகைபோக்கியின் உச்சி, கூரையின் மூலை, மூன்றாவது ஜன்னல் ஆகிய மூன்றும் படத்தில் இருப்பதுபோல் ஒன்றுக்கொன்று பொருந்தியதும் அக்கா குனிந்து தாரில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். நூறு வருடத்துக்கு முன்னால் கேமரா நின்ற இடம் அது. மறுநாள் மழை அழித்துவிடும். மறுபடி நிற்பார்.

நான் பினாங்குக்கு வந்தது வேலைக்குத்தான், வேறு காரணம் எதுவும் கிடையாது. பதினாலு வயதில், படிவம் இரண்டோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஜோகூரில் செம்பனைக் குலை வெட்டினேன், குவாந்தானில் மூட்டை தூக்கினேன், ஒரு வருடம் நாசி கண்டார் சோற்றுக்கடையில் தட்டுக் கழுவினேன். எங்கேயும் இரண்டு வருடம் தங்கியதில்லை. இங்கே ஒரு பழைய கொப்பரை எண்ணெய் ஆலையைப் புதுப்பித்து ஹோட்டல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சாரம் கட்டப் போனேன். இரண்டு வங்காளதேசத்து ஆட்களோடு கண்டெய்னர் பெட்டிக்குப் பின்னால் படுக்கை. கொசு தவிர குறை எதுவும் இல்லை.

அந்த ஆலை எண்ணெய் ஆட்டுவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. பிறகு அது கிடங்காக இருந்தது, பிறகு புறாக்களுக்குச் சொந்தமானது. ஆனாலும் மத்தியான வெயில் சுவரில் விழுந்தால் காறிப்போன தேங்காய் எண்ணெய் வாடை கிளம்பும். செங்கல் வேர்க்கிறது என்று வங்காளதேசத்து ஆட்கள் சொல்வார்கள். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் மஞ்சள் கறை. சோப்புப் போட்டாலும் போகாது.

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது முன்பு எது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அக்காவை வைத்திருந்தார்கள். நூலகத்திலும் பழைய கம்பெனி ஆல்பங்களிலும் தேடிப் படங்களை எடுத்துவருவார். ஜன்னலுக்கு எத்தனை கம்பி, கூரையில் எத்தனை புகைக்கூண்டு, வாசல் எந்தப் பக்கம் என்று படத்தைப் பார்த்துச் சொல்வார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் பஸ், பிறகு படகு. கணவர் லோரி ஓட்டியவர், ஒரு பக்கம் விழுந்துபோய் வீட்டில் படுத்திருந்தார். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இதை அவர் சொல்லவில்லை. மதியம் பன்னிரண்டுக்கு போன் அடித்து, “அந்த மாத்திரையில்ல, வெள்ள டப்பால உள்ளது” என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

படம் கிடைத்தால் முதலில் கட்டடத்தைப் பார்க்க மாட்டார். ஆட்களை எண்ணுவார்.

“எதுக்குக்கா?”

“ஆளு அசைவான், செவுரு அசையாது. அசையிறத முதல்ல பாத்து வச்சிக்கணும். செவுரு எங்க போவப்போவுது?”

எங்கள் ஆலைப் படத்தில் நாற்பத்தொரு பேர். எல்லாரும் தமிழர்கள்தான் என்று நான் சொன்னேன். “நாப்பத்தொரு பேர்னு சொல்லு. அதுக்கு மேல படத்துல எழுதல” என்றார். முன்வரிசையில் ஓர் ஆள் கேமரா திறந்திருந்தபோது தலையை ஆட்டிவிட்டான். அவனுக்குக் கழுத்துக்கு மேல் ஒரு வெள்ளைப் புகைதான் இருந்தது. அவனையும் சேர்த்துத்தான் நாற்பத்தொன்று.

இல்லாததைச் சேர்ப்பது அவருக்கு ஆகாது. நான் ஊர் ஊராகத் திரிந்தவன், கதை சொல்லாமல் எனக்கு மதியச் சோறு இறங்காது. கிரிக் காட்டில் மரம் இழுத்தபோது புலி வந்த கதையைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பத்துப் பேரும் வாயைப் பிளந்திருக்கிறார்கள். அக்காவிடமும் சொன்னேன்.

“புலிய பாத்தியா?”

“பாக்கலக்கா. ரெண்டடி தள்ளி உறுமுச்சி.”

“ரெண்டடின்னு எப்டி தெரியும்?”

“சத்தம் அப்டி இருந்துச்சி லா.”

“அப்ப சத்தம் கேட்டேன்னு சொல்லு.”

அதற்குப் பிறகு அந்தக் கதையை என்னால் முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை. புலி வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடும்.

ஒருநாள் ஓர் இளம் ஜோடி போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வந்தது. பாழடைந்த இடங்களைப் படம் பிடித்துப் போடுகிறவர்களாம். “ஆன்ட்டி, இங்க பேய் இருக்காமே?” என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “நாப்பத்தொரு பேர் இருக்காங்க. அதுல பேய் யாருன்னு எனக்குத் தெரியாது.” அந்தப் பெண் சிரித்தாள். பையன் சிரிக்கவில்லை. சீக்கிரம் போய்விட்டார்கள்.

வேலையிடத்து மேனேஜர் சிம்பாங் அம்பாட் ஊர்த் தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும். நல்லவன். என்னை அண்ணே என்றும் அவரை அக்கா என்றும்தான் கூப்பிடுவான். ஒரு மதியம் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். “அக்கா, இத பாருங்க. ஒரு ஆப்ல போட்டேன். அசத்திடுச்சி!”

எங்கள் படம்தான். ஆனால் கலர். நாற்பத்தொரு பேருக்கும் தோல் பளபளத்தது, வேட்டி சலவைக்குப் போட்டு வந்ததுபோல் இருந்தது. தலையை ஆட்டியவனுக்கு இப்போது முகம் வந்திருந்தது. மீசையோடு, லேசாகச் சிரிக்கிற முகம்.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“இது யாரு?”

“தெரியலக்கா. கம்ப்யூட்டரே போட்டுச்சி.”

“அப்ப இங்க நின்ன ஆளு எங்க?”

அக்கா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று படகுத்துறைவரை அவருடைய பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார். பதினேழு வயதிலிருந்து அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவராம். நெகட்டிவில் பென்சிலால் பருவை மறைப்பது, கத்தியால் சுரண்டி முடியைக் கறுப்பாக்குவது, கல்யாணப் படத்தில் வராத மாமனை வரவழைப்பது. “எங்க முதலாளி சொல்வாரு, இந்தப் புள்ள கைக்கு முன்னால செத்தவன் உசுரோட இருப்பவன் வித்தியாசமே இல்லன்னு.”

சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாராம். புருஷன் இறந்துவிட்டான். உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. பிணத்தைப் படுக்க வைத்து எடுத்த படம்தான் இருந்தது. மாலை போட்டு மாட்டுவதற்கு, கண்ணைத் திறந்து தரச் சொன்னார்.

“தெறந்தீங்களா?”

“தெறந்தேன். அந்த ஆளு கண்ணு எப்டி இருக்கும்னு எனக்கு எப்டி தெரியும்? எங்க அண்ணன் கண்ண போட்டேன். எங்க அண்ணன் யாரைப் பாத்தாலும் சிரிச்ச மாதிரியே பாப்பாரு.”

அந்தப் பெண் படத்தை வாங்கி நின்றபடியே பார்த்தாராம். நன்றாக இருக்கிறது என்றாராம். கதவுவரை போய்த் திரும்பி, “இவரு ஒருநாளும் என்னைய இப்டி பாத்ததில்லங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

“அது சந்தோஷமா, வருத்தமாக்கா?”

“தெரியாது.” படகு வந்துவிட்டது. “அந்தப் படம் அந்த வீட்ல எங்கியோ மாட்டியிருக்கும். எங்கண்ணன் அந்த பொம்பளய பாத்துக்கிட்டே இருப்பாரு. அதுக்கப்புறமும் ஆறு வருஷம் அந்த வேலதான் பாத்தேன். சோறு வேணும்ல.”

இனி கதவுக்கு வருகிறேன்.

தெருப்பக்கச் சுவரில், ஆட்கள் நிற்கிற இடத்துக்கு வலதுபுறம், படத்தில் ஓர் அகலமான கதவு இருந்தது. திறந்து, உள்ளே இருட்டாக. இன்றைக்கு அந்த இடத்தில் வெறும் சுவர். பிற்காலத்தில் யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஹோட்டலின் வாசல் அங்கேதான் வர வேண்டும் என்று வரைபடமும் ஆகிவிட்டது. அந்தப் பகுதியில் பழைய கட்டடத்தின் தெருப்பக்கச் சுவரில் புதிதாக ஓட்டை போட அனுமதி கிடையாது. முன்பு வாசல் இருந்தது என்றால் திறக்கலாம். இருந்தது என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அடைத்த இடத்தில் ஒட்டு தெரிகிறதா என்று பார்க்கச் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டச் சொன்னார்கள். மூன்று நாள் சுரண்டினேன். ஒரு வாசலை அடைத்தால் புதுச் செங்கல்லும் பழைய செங்கல்லும் சேருகிற இடத்தில் நேர்க்கோடு ஒன்று தெரியும், மேலே வளைவோ உத்தரமோ இருக்கும். இங்கே கல்வரிசை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அறுபடாமல் ஓடியது.

“ஒட்டு இல்லக்கா.”

“நல்லா பாத்தியா?”

“வந்து பாருங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரத்தில் ஏறினார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நகத்தை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். இறங்கி நடுத்தெருவுக்குப் போய்ப் படத்தைத் தூக்கிப் பிடித்தார். அன்று வந்த லோரிக்காரன்கூடச் சத்தம் போடவில்லை.

“ஜன்னல் எல்லாத்துக்கும் கீழ நெழல் விழுது. கதவுக்கு எங்க நெழல்?” என்றார்.

மறுநாளே அந்தப் படத்தின் மூலக் கண்ணாடித் தகட்டை நூலகத்தில் பெரிதாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். திரையில் கதவை மட்டும் பெரிதாக்கினார். இருட்டு என்று நாங்கள் நினைத்தது இருட்டே அல்ல. முடிபோல மெல்லிய கீறல்கள், ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

“கத்தி வேல” என்றார். “தகட்டுல சொரண்டுனா படத்துல கறுப்பா வரும். கதவு நெலைக்குச் சாயம் வச்சிருக்கான், அது வெள்ளையா வந்திருக்கு.” பேசும்போதே அவருடைய வலது கை விரல்கள் மேசைக்கு மேலே வெறும் காற்றில் சின்னதாகச் சுரண்டிக்கொண்டிருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை. “நல்ல கை. சாயிற பக்கம் பாத்தா இடதுகைக்காரன்.” பிறகு விரல்களை மடக்கிக்கொண்டார். “அது வேணாம். அத நான் சொல்லல.”

“இல்லாத கதவ எதுக்குக்கா போடணும்?”

“தெரியாது.”

“யாரு போடச் சொல்லியிருப்பா?”

“தெரியாதுன்னேன்ல!”

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

அந்த வாரம் உள்பக்கப் பூச்சையும் உரித்தோம். சுவரின் மற்ற இடங்களில் கல் முகம் சீராக இருந்தது. கதவு இருப்பதாகப் படம் சொன்ன இடத்தில் மட்டும், இடுப்புக்கு மேல் நெஞ்சுயரம்வரை, இரண்டு ஆள் கைவிரித்த அகலத்துக்குக் கல் கொத்திக்கிடந்தது. சின்னச் சின்னப் பள்ளங்கள். சில இடங்களில் கட்டைவிரல் உள்ளே போகும். வங்காளதேசத்து ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பக்கம் சிமெண்டு மூட்டை அடுக்கவும் வரவில்லை.

பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் அந்த ஆலை ஒருகாலத்தில் பற்றி எரிந்தது என்று சொன்னார். அக்கா கேட்டார்: “யாரு சொன்னா?” தன் அப்பா சொன்னதாக அவர் சொன்னார். “அவருக்கு யாரு சொன்னா?” பட்டறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

“உள்ள மாட்டிக்கிட்டவங்க இடிச்சிருப்பாங்கக்கா” என்றேன்.

“மூட்ட இடிச்சிருக்கும். தள்ளுவண்டி இடிச்சிருக்கும்.”

“தள்ளுவண்டி நெஞ்சுயரத்துல இடிக்குமா?”

அக்கா என்னை அளவுகோல் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்தார். நூற்றுப் பதினாறு. நோட்டில் எண்ணிக்கை எழுதி, பக்கத்தில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்: காரணம் தெரியவில்லை. எழுதி முடித்தும் அவர் அங்கிருந்து நகரவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறி எண்ணெய் வாடை வர ஆரம்பித்தபின்தான் கையை எடுத்தார்.

மேனேஜர் அக்காவைக் கண்டெய்னர் ஆபீசுக்குள் உட்கார வைத்து, கோப்பி வாங்கி வைத்துப் பேசினான். நான் வாசலில் ஏணி கட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒரே ஒரு வரி. ‘இருந்திருக்கலாம்’னு போடுங்க. அது பொய் இல்லையே.”

“இருந்திருக்கலாம்னா எல்லாமே இருந்திருக்கலாம் தம்பி.”

“இதுக்கப்புறம் மூணு கட்டடம் இருக்குக்கா. எல்லாத்துக்கும் உங்களத்தான் போடணும்னு நானே சொல்லி வச்சிருக்கேன். மேல உள்ளவங்க கேக்கறாங்க. உங்க வீட்டுக்காரருக்கும் முடியல. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன் லா.”

“தெரியும்பா.”

“யாருக்கு நஷ்டம்? அன்னிக்கி உள்ளவங்க யாரும் இல்ல.”

நான் கயிற்றை முடிச்சுப் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒருத்தன் நூறு வருஷத்துக்கு முன்னாடி பொய்க்கதவு வரைஞ்சான். அது வெறும் படம். நான் கையெழுத்து போட்டா அது நெசக்கதவு ஆயிடும். அதுக்கப்புறம் அங்க வாசல் இருந்துச்சி, யாரு வேணும்னாலும் வெளிய வந்திருக்கலாம்னு ஆயிடும்.” அதற்குமேல் அவர் போகவில்லை. “கோப்பி ஆறிடுச்சி. நான் வரேன்.”

இந்தச் சுவரில் வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை, படத்தில் உள்ளது பிறகு சேர்க்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து வேறொருவர் வந்தார், ஒரு மத்தியானம் இருந்தார், கையெழுத்துப் போட்டார்.

சுவரை வெட்ட ஆள் தேவைப்பட்டது. வங்காளதேசத்து ஆட்கள் மாட்டோம் என்றார்கள். மேனேஜர் என்னிடம் வந்தான். “அண்ணே, நீங்கதான்.”

வெட்டினேன். நான் மாட்டேன் என்றால் வேறொருவன் வெட்டியிருப்பான் என்று எல்லாரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டேன். ஒன்றரைக் கல் சுவர். இயந்திரத்தை வைத்து அழுத்தினால் பல்லெல்லாம் ஆடியது. அத்தனை பழைய சுவர் பொலபொலவென்று வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பிடுங்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள்தான் மறுபக்கத்துக்கு ஒரு துவாரம் விழுந்தது. உள்ளேயிருந்து எண்ணெய் வாடையோடு காற்று என் முகத்தில் மோதியது, யாரோ வாய் திறந்து மூச்சு விட்டதுபோல. இல்லை, காற்று வந்தது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்க நடைபாதையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வாசல் முக்கால்வாசி ஆகியிருந்தது. நான் முகத்துணியை அவிழ்த்துவிட்டு நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்கா.”

“செவுரு எவ்வளவு கனம்?”

“ஒன்ற கல்லு.”

“நடுவுல எங்கியாவது மரம், இரும்பு, பழைய கதவு நெல எதாச்சும் கெடச்சிச்சா?”

“ஒண்ணுமில்லக்கா. முழுச் செவுரு.”

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். உடைந்த கற்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“உன் முழுப் பேரு சொல்லு.”

“எதுக்குக்கா?”

“இதோட ஒரு பிரதி நூலகத்துக்குப் போவுது. அந்தக் கதவ வரைஞ்சவன் பேரு எங்கியுமே இல்ல. எவ்வளவு தேடிட்டேன். இனிமே ஒருத்தன் வந்து இந்த வாசல பாத்துட்டுத் தேடுவான். அவனுக்கு ஒரு பேராவது கெடைக்கட்டும்.”

“என்னைய வெட்டச் சொன்னாங்கக்கா.”

“அவங்க பேரும் எழுதியாச்சி.”

அந்த வேலையிடத்தில் என்னை ஒரு பெயரில் கூப்பிட்டார்கள். குவாந்தானில் வேறு பெயர், ஜோகூரில் வேறு. ஊர் மாறும்போது பெயரையும் மாற்றிக்கொள்வது எனக்குச் சட்டை மாற்றுவதுபோல. எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பென்சில் தாளின்மேல் காத்துக்கொண்டிருந்தது.

அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன். அவர் நிதானமாக எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். இந்தச் சுவரில் வாசல் இருந்ததில்லை. இதை வெட்டியவர், என்று தொடங்கி அதற்குப் பின்னால் என் பெயர்.

“சரியா இருக்கா?” என்று கேட்டார்.

“சரிதான்கா” என்றேன்.